கடலடிச் சேறும் ஒரு படி பொரியும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். கடலுக்கடியிலிருந்து எடுத்துவந்த மூன்று மீட்டர் சேற்றை ஒருத்தர் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அந்த இடத்தில் பொரியையும் சுண்டலையும் கொட்டி வைத்திருந்தால் உங்களுக்குக் கோபம் எங்கே இருக்கும் என்று நானும் பார்க்கிறேன்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் நிலவியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அம்மா மணிமுத்தாறுக்கு மேலே மலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். வேலை ஓய்ந்து மலையிலிருந்து இறங்கி மணிமுத்தாறில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தோம். நான் என்ன படிக்கிறேன் என்று மாமா கேட்டார். கடலடிச் சேறு என்றேன். "சேத்தப் படிக்கதுக்கா பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போற? நம்ம வயக்காட்டுல இல்லாத சேறா?" என்று அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு நான் சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

படித்தவர்களும் மாமாவுக்குக் குறைந்தவர்கள் இல்லை. கடலடி என்றால் தண்ணீர்த் தொட்டியின் தரை மாதிரி மட்டமாகக் கிடக்கும் என்றுதான் பாதிப்பேர் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடப் படத்தில் கடலுக்கு ஒரே நீலத்தைப் பூசி விட்டுவிடுகிறார்களே, அந்த வினை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் தரை ஆழமில்லாமல் பைய இறங்கிப் போகும். அப்புறம் ஓரிடத்தில் திடீரென்று சரியும். அந்தச் சரிவை அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்குகள் ஓடும். அதற்கும் அப்பால் கண்ணுக்கெட்டாத சமவெளி, நடுக்கடலில் மலைத்தொடர், சில இடங்களில் நம் மலைகளைத் தூக்கி உள்ளே போட்டாலும் நுனி தெரியாத அகழி. இத்தனைக்கும் மேலே சேறு படிந்துகொண்டே இருக்கிறது. ஆழ்கடல் நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு நகக் கனம் படிந்தால் அதிகம். ஆற்று முகத்தில் அவ்வளவு காத்திருக்க வேண்டாம், ஆறு வாரிக்கொண்டு வந்து போடும்.

அந்தச் சேறு எங்கிருந்து வந்தது என்பதுதான் என் படிப்பு. பாதி, மலைப் பாறை கரைந்து ஆற்றோடு வந்தது. அதில் காக்காப்பொன் மினுங்கும். இன்னொரு பங்கு, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செத்து விட்டுப்போன ஓடுகள். ஊசிமுனையில் நாலு நிற்கும், ஒவ்வொன்றும் சங்கு மாதிரிச் சுருண்டிருக்கும். அப்புறம் ஆடிக்காற்று கடலோர மணல்மேடான தேரிக்காட்டிலிருந்து அள்ளிக்கொண்டு போய்க் கடலில் தூவிய செம்மண். எங்கேயோ எரிமலை கக்கிய சாம்பலும் வானத்திலிருந்து உதிர்ந்த தூசியும்கூட ஆழத்தில் உண்டு.

அம்மாவிடம் ஒருதடவை சொல்லிப் பார்த்தேன். நீ கொழுந்து பறித்த சரிவில் மழைக்குக் கரைந்த மண் மணிமுத்தாறு வழியாகத் தாமிரபரணிக்கு வந்து, கடலுக்குப் போய், அங்கன அடியில் கிடக்கிறது, அதைத்தான் தேடுகிறேன் என்றேன். அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மண்ணு கடலு வரைக்கும் போயிட்டு. நாமதான் மணிமுத்தாறோட நின்னுட்டோம்" என்றாள்.

ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு விசைப்படகை வாடகைக்குப் பிடித்துச் சேறு எடுக்கப் போனோம். நான் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். படகுக்காரர் ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பிக் கயிற்றில் இறக்கினார். மேலே இழுத்து, சோப்பில் ஒட்டியிருந்ததை விரலால் நசுக்கி, மோந்து பார்த்தார். "இது பாரு. பாறை. உங்க குழாய் வளைஞ்சு போவும்" என்று படகைத் திருப்பினார். இன்னும் இரண்டு இடம் பார்த்து, மூன்றாவது இடத்தில், "இங்கன நல்ல சேறு, போடுங்க" என்றார். எங்களிடம் இருந்த கருவி அதைச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. மேலே எடை கட்டிய குழாயைச் செங்குத்தாக விட்டோம். சொதக்கென்று இறங்கி மூன்று மீட்டர் சேற்றை அப்படியே வாங்கிக்கொண்டு வந்தது. இதற்கு எங்கள் பாஷையில் கோர் என்று பெயர்.

சேற்றில் வரிசைதான் எல்லாம். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. அதனால் குழாயைத் தூக்கியதும் முதல் வேலையாக மார்க்கரால் இரண்டு பக்கமும் நெடுக மேல்நோக்கி அம்புக்குறி போட்டேன். ஆய்வகத்தில் மீட்டருக்கு ஒரு துண்டாக மூன்றாக அறுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதி வேலைக்கு. இன்னொரு பாதி, நாளைக்கு ஏதாவது தப்பாகிவிட்டால் திரும்பிப் பார்க்க, யாரும் தொடாமல் குளிர் அறையில் இருக்கும், அது காப்புப் பாதி. பிளந்தபோது உள்ளே கரும்பச்சையும் சாம்பலும் நடுவில் விரல்கடைச் சிவப்பும் பட்டை பட்டையாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பு தேரி மண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அக்கா, "என்ன பிள்ள, சேத்தப் பாத்தா அழுவ?" என்று கேட்டாள்.

அக்கா என்றது எங்கள் ஆய்வக உதவியாளரை. பதினெட்டு வருஷமாகத் தினக்கூலி. எனக்கு ஜல்லடை கழுவித் தருவது, தண்ணீர் பிடித்து வைப்பது, நான் சாப்பிடாமல் இருந்தால் தன் தூக்கிலிருந்து புளிச்சோற்றை எடுத்து முன்னால் வைப்பது எல்லாம் அவள்தான். அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும், பேங்குக் கடிதமோ மகளுடைய காலேஜ் பாரமோ, நேராக என்னிடம் கொண்டுவருவாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு பிள்ள" என்பாள். அந்த வருஷம் அவளை நிரந்தரமாக்கக் கோப்பு மேலே போயிருந்தது. ஆணை வந்துவிட்டால் மகள் கல்யாணத்துக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம் என்று தினமும் ஒருதடவையாவது சொல்வாள்.

எனக்கும் அது கடைசி வருஷம். என் ஆராய்ச்சிப் பதிவுக்கு ஏற்கெனவே ஒருதடவை காலநீட்டிப்பு வாங்கியாயிற்று. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கோரில் மேலே ஒரு முழம் மட்டும்தான் அறுத்துப் பார்த்திருந்தேன். அணைகள் வந்த பிறகு படிந்த சேறு அது. அதற்கு அடியில் இருந்த பழைய ஆறு முழுக்க பாக்கி கிடந்தது.

புரட்டாசியில் குளிர் அறையின் மெஷின் படுத்துவிட்டது. இரண்டு பாதிகளையும் வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. கடல்சேறு வெளியே இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். துறைத்தலைவர், அவர்தான் எனக்கு வழிகாட்டியும், மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பூஜை லீவு முடிஞ்சதும் காலேஜப் பாக்க ஆய்வுக் குழு வருது. இந்த நாத்தத்த எங்கயாவது அப்புறப்படுத்தும்மா" என்றார். காப்புப் பாதியைத் தன் அறையில் பத்திரமாக வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார். வேலைப் பாதியை நான் ஈரத்துணியும் பிளாஸ்டிக் தாளும் சுற்றி மேசையில் அடுக்கினேன். மேலே ஒரு சீட்டு ஒட்டினேன். தொடக்கூடாது என்று இங்கிலீஷில், பெரிய எழுத்தில், சிவப்பு மையில் எழுதினேன். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் மணிமுத்தாறுக்குப் போய்விட்டேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் திரும்பி வந்தேன். ஆய்வகமே ஊதுபத்தி வாசம். சுத்தியல், ஜல்லடை, மைக்ராஸ்கோப், தராசு எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாகச் சந்தனப் பொட்டோடு இருந்தன. சரஸ்வதி படத்துக்கு முன்னால் மூன்று அரைக்குழாய்கள் பளபளவென்று மல்லாந்து கிடந்தன. ஒன்றில் பொரி, ஒன்றில் அவல், ஒன்றில் சுண்டல்.

"வந்துட்டியா பிள்ள? பாத்தியா, எப்படி வெளுத்து வச்சிருக்கேன்? தட்டு பத்தாதுன்னு இதுல போட்டேன், அம்சமா இருக்குல்லா" என்றாள் அக்கா.

சேறு எங்கே என்று கேட்டேன். நல்ல உரம் என்று பின்னால் செம்பருத்திச் செடிக்குக் கொட்டியதாகச் சொன்னாள். ஓடிப்போய்ச் செடியடியில் குத்தவைத்து இரண்டு கையாலும் அள்ளினேன். கரும்பச்சையும் செம்மண்ணும் காய்ந்த இலையும் மண்புழுவும் ஒன்றாகக் குழைந்து கிடந்தது. எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது, இனி அந்தக் கடவுள்தான் வந்து சொல்ல வேண்டும். ஆனாலும் ஒரு பாலித்தீன் பை நிறைய அள்ளினேன். பைத்தியக்காரத்தனம்தான்.

திரும்பி வந்து அக்காவை வாய்க்கு வந்தபடி பேசினேன். அறிவிருக்கா என்று கேட்டேன். பதினெட்டு வருஷம் இங்கே என்னத்தைக் கழற்றினாய் என்று கேட்டேன். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள் நான். பூஜைக்கு வந்திருந்த பிள்ளைகள் அத்தனைபேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையிலிருந்த சுண்டல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டம்லா பிள்ள. இதையும் கழுவணுமான்னு சார்கிட்ட போயிக் கேட்டேன். எல்லாத்தையும் கழுவிரு, ஒரு பொட்டுச் சேறு இருக்கக்கூடாதுன்னு சொன்னாவ" என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கோபத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்த இடத்தில் கோபப்பட எனக்குத் தைரியம் போதாது. எளியவள்மேல் காட்டுவது சுலபம், காட்டினேன்.

துறைத்தலைவர் அறைக்குப் போனேன். காப்புப் பாதியாவது வேண்டும் என்றேன். அது பத்திரமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார். முதலில் காலநீட்டிப்பை வாங்குவோம், அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினார். பிரிண்டர் ஓடி முடிந்து காகிதம் வந்தது. உதவியாளர் யாரிடமும் அனுமதி பெறாமல், அஜாக்கிரதையாக, ஆராய்ச்சிப் பொருளை அழித்துவிட்டார் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே என் பெயர்.

"அக்கா உங்ககிட்ட கேட்டதாச் சொல்லுதா சார்" என்றேன்.

"எங்கிட்டயா? எப்பம்மா?" என்றார். ரொம்ப அமைதியாகக் கேட்டார். "கையெழுத்துப் போட்டாத்தான் ஆறு மாசம் கிடைக்கும். இல்லன்னா பதிவு ரத்து. ஒன் இஷ்டம்."

அக்காவின் கோப்பு மேலே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் அந்தக் கோப்பு என்ன ஆகும் என்பதும் தெரியும். போட்டேன். எல்லோரும் இங்கிலீஷில் கிறுக்கும்போது நான் மட்டும் முழுப்பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதில் எனக்கொரு கர்வம். அன்றைக்கும் அப்படித்தான், எழுத்துப் பிசகாமல் அழகாகப் போட்டேன்.

காலநீட்டிப்பு கிடைத்தது. அடுத்த வாரம் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர், கழுத்தில் சால்வை. மாடிப்படிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. அதுவரை துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துறைத்தலைவர் துணியை விலக்கினார்.

உள்ளே என் காப்புப் பாதி நின்றது. மூன்று துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, காய வைத்து, வார்னிஷ் அடித்திருந்தார்கள். கட்டில்கால் மாதிரி மின்னியது. வார்னிஷ் பட்ட சேற்றை வைத்துக்கொண்டு வயதும் பார்க்க முடியாது, ஒரு மண்ணும் பார்க்க முடியாது. கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர். கடலடிப் படிவுகள் எங்கிருந்து வருகின்றன என்று அவர் விளக்கத் தொடங்கினார். அடியில் இருப்பது மிகப் பழைய காலம், ஏற ஏற நம் காலம் என்று குச்சியால் காட்டினார். நான் குழாயில் போட்ட அம்புக்குறியைத் தேடினேன். மூன்று துண்டிலும் அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைகீழாக நிறுத்தியிருந்தார் மனுஷன். அணைக்கட்டுகளுக்குப் பிறகு வந்த சேற்றைக் காட்டி ஆதிகாலம் என்கிறார், குழுவும் தலையாட்டுகிறது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. காட்சிக்கு ஒரு பாதி அவர் கையில் வந்துவிட்டது. மேசையில் நாறிக்கொண்டிருந்த மற்றதைப் பற்றி அவருக்கு என்ன கவலை? எல்லாத்தையும் கழுவிரு என்று சொல்லித்தான் இருக்கிறார். சார், தலைகீழா இருக்கு என்று மூன்றே வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. அக்கா டீ தட்டோடு குழுவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஆறு மாத நீட்டிப்பு நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டீயை எடுத்துக் குடித்தேன். இன்றைக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியை நினைத்தால் அவர்மேல் பாதி, அந்த டீயைக் குடித்த என்மேல் பாதி கோபம் வருகிறது.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம். செம்பருத்திக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தேன். கடல் உப்பில் செடியின் இலையெல்லாம் பழுத்துக் கொட்டியிருந்தது. அக்கா ஒரு பழுப்புக் கவரோடு வந்தாள். நான் பேசியதற்குப் பிறகு இரண்டு நாள்தான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம் பழையபடி புளிச்சோறு வந்துவிட்டது.

"ஆபீஸ்ல குடுத்தாவ பிள்ள. ஆர்டர்னு நினைக்கேன். இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள், ஈரக்கையால் தொட்டுவிடக் கூடாதென்று.

முதல் தாள், விளக்கம் கேட்டு நோட்டீஸ். நிரந்தரமாக்கும் பரிந்துரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்றும் இருந்தது. இரண்டாவது தாள், பின்குத்திய நகல். நான் முதல் தாளை மட்டும் படித்துவிட்டு மடிக்கப் பார்த்தேன்.

"இன்னொண்ணு இருக்கே" என்றாள்.

"அது சும்மா, ஆபீஸ் நகலு."

அவள் என் கையிலிருந்து வாங்கினாள். இங்கிலீஷ் வரிகளை எல்லாம் தாண்டி விரல் கீழே இறங்கி வந்தது. என் பெயரில் நின்றது. முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டினாள். சத்தமாகவே கூட்டினாள். முடித்ததும் தாளை என் மடியில் வைத்தாள்.

"படி" என்றாள்.

படித்தேன். அனுமதி பெறாமல் என்று சொன்னேன். அஜாக்கிரதையாக என்று சொன்னேன். அதோடு தாளை மடிக்கப் போனேன். "மிச்சத்தையும் படி" என்றாள். அழித்துவிட்டார், தக்க நடவடிக்கை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். தாளை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சரி மேடம்" என்றாள்.

அன்று சாயங்காலமே ஒரு கடிதம் எழுதினேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், கழுவச் சொன்னது துறைத்தலைவர், உதவியாளர் கேட்டுவிட்டுத்தான் செய்தார், கண்ணாடிப் பெட்டியில் இருப்பது தலைகீழாக நிற்கிறது, எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்கினேன். இரண்டே வாரத்தில் துறைத்தலைவர் எனக்கு வழிகாட்ட விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதிவு ரத்தானது. இப்போது களக்காட்டில் வாழைத்தோட்டக்காரர்களுக்கு மண் பார்த்துச் சொல்கிற ஒரு சின்ன இடத்தில் வேலை பார்க்கிறேன். அம்புக்குறி இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறதாம். அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் நிரந்தர ஆணை வேறு ஆளுக்குப் போய்விட்டது. பரிந்துரையில் அவள் பெயரை எடுத்த இடத்தில் என் கடிதம் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு பெயர் ஏறிவிட்டது என்றார்கள். அவள் இன்றைக்கும் தினக்கூலி.

கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே வாங்கினாள். நான் படிக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஒரு பக்கம் படிக்க ரொம்ப நேரமானது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசி வரி வந்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் விளங்குது. நல்லாத்தான் எழுதியிருக்கிய" என்றாள். "அந்தக் குழாய்மேல ஒட்டின சீட்டுலயும் இப்படித் தமிழ்ல எழுதியிருக்கலாம்லா, மேடம்?"